முகத்தின் குறுக்கே ஒரு வெட்டு: தென்னகத்து உரோமப் பொற்காசுகளின் மதிப்பும் மெய்ம்மையும்

பெங்களூரு யஷ்வந்தபுரத்தில் 1891ஆம் ஆண்டு இருப்புப்பாதைப் பணிக்காக மண்ணைத் தோண்டியபோது 163 உரோம வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. அகஸ்டஸ் முதல் கிளாடியஸ் வரையிலான பேரரசர்களின் தெனாரியஸ்கள் அவை. முக்கால் நூற்றாண்டுக்குப் பின், 1965இல், அதே நகரின் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் மற்றொரு புதையல் கிடைத்தது. அதில் உரோம வெள்ளியோடு இந்திய முத்திரைக் காசுகளும் கலந்திருந்தன. இன்று ஓரிடத்தில் சரக்கு ரயில்களும் மற்றோரிடத்தில் விமானங்களும் நிற்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் இவ்விரண்டு இடங்களிலும் யாரோ சிலர் தம் செல்வத்தைப் புதைத்துவிட்டுத் திரும்பி வராமற் போயினர்.

பெங்களூருவின் இவ்விரண்டு புதையல்களிலும் கிடைத்தது வெள்ளி என்பது கவனிக்கத்தக்கது. உரோமப் பொன்னைத் தேட வேண்டுமெனில் வடமேற்கே ஹாவேரி மாவட்டத்து அக்கி ஆலூருக்கோ, தெற்கே புதுக்கோட்டைக்கோ செல்ல வேண்டும். இதற்கு ஒரு காரணம் நிலத்தடியிலேயே இருக்கிறது. தக்காணத்தின் தென்பகுதிக்குப் பொன் புதிதன்று. கோலார் வயலில் ஆங்கிலேயக் குழுமங்கள் ஆழ்சுரங்கம் வெட்டத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே பழங்குழிகள் இருந்தன. ராய்ச்சூர்ப் பகுதியின் ஹட்டியிலும் அவ்வாறே. வெள்ளியோ தென்னாட்டில் அரிது. ஆகவே கடல்வழி வந்த வெள்ளிக்காசு இங்கே முதலில் ஓர் உலோகம். அதன் பிறகே நாணயம். அப்படியானால், பொன் விளையும் மண்ணுக்கு அயல்நாட்டுப் பொன் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. ஆற்றுமணலிலும் சுரங்கத்திலும் எடுத்த பொன்னை ஒவ்வொரு முறையும் நிறுக்கவும் உரைக்கவும் வேண்டும். ஒரே எடையில் ஒரே தூய்மையில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் பொன்வட்டுகளில் அந்த உழைப்பின் பெரும்பகுதி முன்பே முடிந்துவிட்டிருந்தது. தென்னக வணிகர் விலை கொடுத்து வாங்கியது அச்சீர்மையைத்தான் எனலாம்.

இந்தச் சீர்மையைப் பண்டை உலகமே வியந்ததாக ஒரு கதை உண்டு. இலங்கைக்குக் காற்றால் அடித்துச் செல்லப்பட்ட உரோமர் ஒருவரிடமிருந்த தெனாரியஸ்களை அந்நாட்டு மன்னன் ஆராய்ந்தான். உருவங்கள் வேறுவேறாக இருந்தும் எடை ஒன்றாயிருந்தது கண்டு உரோமரின் நேர்மையை மெச்சினான் என்று முதல் நூற்றாண்டுப் பிளினி எழுதுகிறார். ஆறாம் நூற்றாண்டுக் காஸ்மாஸ் இன்னொரு கதை சொல்கிறார். அதிலும் இலங்கை மன்னனின் அவைதான் களம். பாரசீக வணிகனின் வெள்ளிக்காசையும் உரோம வணிகன் சோபத்ரனின் பொற்காசையும் அருகருகே வைத்துப் பார்த்து, எந்த வேந்தன் பெரியவன் என்று மன்னன் தீர்ப்புச் சொல்கிறான். உரோமப் பெருமையை உரோமரே பாடும் கதைகள் இவை; ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வரலாற்று நிகழ்ச்சியாக இவற்றைக் கொள்வதற்கில்லை. ஆயினும் அயற்காசு ஒன்று தென்கடல் துறைகளில் எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதை இவை தெரியாமலேயே சொல்லிவிடுகின்றன. காசிலிருந்த தலை யாருடையது என்பதில் அந்த மன்னனுக்கு அக்கறையில்லை. அவன் கேட்டது எடையை.

அவ்வாறு சோதித்தவர்களுக்குத் தமிழில் ஒரு பெயர் இருந்தது: வண்ணக்கர். நாணயத்தின் தரம் பார்ப்போர் என்று அகராதிகள் இச்சொல்லுக்குப் பொருள் தருகின்றன. வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் எனச் சங்கப் புலவர் சிலர் இத்தொழிற்பெயரைத் தாங்கியுள்ளனர். காசு பார்ப்பவன் கவிதையும் பாடினான் என்பது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் உரைகல்லில் விழும் கீற்றின் நிறத்தைக் கொண்டே மாற்றைச் சொல்பவனுக்கு நுண்ணிய வேறுபாடுகளைக் காணும் கண் தொழிலிலேயே வாய்த்திருக்கும். உரோமக் காசுகள் மிகுதியாகக் கிடைத்த கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களும் இப்புலவர்களின் காலமும் ஒன்றையொன்று தொட்டுச் செல்கின்றன. வண்ணக்கரின் கைகளில் உரோமக் காசு புரண்டதா என்பதற்கு நேர்ச்சான்று இல்லை. புரளவில்லை என்று நினைப்பதுதான் கடினம்.

பிற்காலத்தில் இக்கலை அரச ஆவணத்தில் ஏறிற்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசன் அளித்த பொன், ‘ஆடவல்லான்’ என்று பெயரிடப்பட்ட எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. சோழர் ஆவணங்களில் பொன்னின் தூய்மை மாற்றுக் கணக்கில் குறிக்கப்படுகிறது. பத்தரை மாற்றுத் தங்கம் என்னும் வழக்கு இன்றும் நாவில் இருப்பது அந்த அளவுமுறையின் எச்சம். வடக்கே 1318இல் தில்லி நாணயச்சாலையோடு தொடர்புடைய தக்குர பேரு என்னும் சமணர், தம் காலத்தில் புழங்கிய காசுகளின் எடையையும் உலோகக் கலவையையும் தொகுத்துத் ‘திரவிய பரீட்சை’ என்னும் நூலையே எழுதினார். நாணயத்தின் மெய்ம்மையை ஆராயும் துறை இந்தியாவுக்கு ஐரோப்பியச் சேகரிப்பாளர் கொண்டுவந்து கொடுத்ததன்று.

இப்பின்னணியோடு புதுக்கோட்டைப் புதையலுக்கு வரலாம். ஆலங்குடி வட்டம் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த அப்புதையலில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. அகஸ்டஸ் காலத்தில் தொடங்கி வெஸ்பாசியன் காலத்தில் முடியும் தொகுதி அது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜார்ஜ் ஹில் அதனை ஆராய்ந்து உடனடியாக வெளியிட்டார். அவரைத் திகைக்க வைத்தது காசுகளின் எண்ணிக்கையன்று. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியாலோ கத்தியாலோ ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருந்தது.

யார் வெட்டினார், ஏன் வெட்டினார் என்ற கேள்வி நூறாண்டுக்கு மேலாக நிற்கிறது. உள்ளே மலிவான உலோகம் இருக்கிறதா என்று பார்க்கவே வெட்டினர் என்பது எளிய விடை. செம்பின்மேல் வெள்ளி போர்த்திய தெனாரியஸ்கள் உரோம உலகில் உண்மையிலேயே உலவின. ஐயமுற்ற வணிகன் காசை வெட்டிப் பார்ப்பதும் எல்லா நாட்டிலும் நடந்ததே. ஆனால் அந்த விடை இங்கே முழுதும் பொருந்தவில்லை. சோதனைக்கு விளிம்பில் ஒரு கீறல் போதும். காசின் முன்பக்கத்தைத் தேர்ந்து, அதிலும் தலையைத் தேர்ந்து, ஏறத்தாழ ஒரே முறையில் நூற்றுக்கணக்கில் வெட்ட வேண்டியதில்லை. மேலும், போர்த்திய போலிகள் மிகுதியாயிருந்த வெள்ளியில்தானே இவ்வெட்டு மிகுதியாயிருக்க வேண்டும்? இந்தியாவில் கிடைத்த தெனாரியஸ்களில் இத்தகைய வெட்டு அரிது. பொற்காசுகளில்தான் பரவலாகக் காணப்படுகிறது. சமயக் காரணமும் கூறப்பட்டதுண்டு. உருவத்தை விரும்பாத ஒரு சமயத்தார் முகத்தை அழித்தனர் என்பது அது. எனினும் பின்னூற்றாண்டுகளில் தென்னகத்தார் இதே வகைக் காசுகளில் பேரரசன் தலைக்கு நேர்மேலே இரண்டு துளையிட்டு, உருவம் நிமிர்ந்து நிற்குமாறு கழுத்தில் அணிந்தனர். காலம் வேறு என்பதால் இஃது இறுதி மறுப்பாகாது. ஆனாலும் முகத்தின் மீதான வெறுப்பு இந்நிலத்தின் பொதுவான போக்கு என்று சொல்ல முடியாதபடி அது தடுக்கிறது.

எஞ்சி நிற்பது அதிகாரம் சார்ந்த விளக்கம்: ஓர் அரசோ வணிகக் குழுவோ அயல் வேந்தனின் முகத்தை ரத்து செய்தது என்பது. ஹில்லின் சிந்தனையும் ஏறத்தாழ இத்திசையில்தான் சென்றது. இவ்விளக்கத்தின் வலிமை அதன் சிக்கனத்தில் இருக்கிறது. வெட்டு விழுந்ததால் பொன் ஒரு குன்றிமணியளவும் குறையவில்லை; எடை அப்படியே இருக்கிறது, மாற்றும் அப்படியே இருக்கிறது. போனது ஒன்றே ஒன்று, காசு என்னும் தகுதி. ஒரே வெட்டில் நாணயம் பொன்கட்டியாகிவிடுகிறது. தன்மேல் அச்சிடப்பட்ட மதிப்பைக் கோரும் உரிமையை இழந்து தராசுக்கு உட்படுகிறது. எந்த அரசு அதனைச் செய்தது என்பதை மட்டும் இவ்விளக்கத்தால் சொல்ல இயலவில்லை. சோழ பாண்டிய நாட்டெல்லையில் கிடைத்த புதையலுக்கு ஓர் அரசனைப் பொருத்திப் பார்ப்பது எளிது, மெய்ப்பிப்பது அரிது.

தராசுக்கு உட்பட்டது உண்மை என்பதற்கு வேறொரு சான்று உரோமிலிருந்தே வருகிறது. கி.பி. 64ஐ ஒட்டி நீரோ நாணய முறையை மாற்றினான். அகஸ்டஸ் காலத்தில் 7.8 கிராம் அளவிலிருந்த பொற்காசு 7.3 கிராம் அளவுக்கு இறங்கிற்று. வெள்ளிக்காசின் எடையும் குறைந்தது, தூய்மையும் குறைந்தது. உரோமச் சந்தையில் பழங்காசும் புதுக்காசும் ஒரே பெயரில் செல்லும்; தென்னகத்துத் தராசு அவ்வாறு ஏமாறாது. இந்தியப் புதையல்களில் வெள்ளி, நீரோவின் மாற்றத்துக்கு முந்திய காசுகளாகவே பெரிதும் இருப்பதன் காரணம் இதுவே. உடுமலைப்பேட்டை அருகே பூதிநத்தத்தில் 1946இல் கிடைத்த 1,398 தெனாரியஸ்களும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. இங்கே மாணவர் பலர் இடறும் ஓரிடமும் இருக்கிறது. புதையலின் கடைசிக் காசு டைபீரியஸ் காலத்தது என்பதால் புதையலும் டைபீரியஸ் காலத்தது ஆகிவிடாது. தேர்ந்தெடுத்த பழங்காசுகள் அச்சிடப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழித்தும் கப்பலேறியிருக்கலாம். யஷ்வந்தபுரத்துக் காசுகள் கிளாடியஸோடு நிற்பதைக் கொண்டு பெங்களூருவின் உரோமத் தொடர்பும் கிளாடியஸோடு நின்றது என்று எழுதுவது அவசர முடிவு.

அக்கி ஆலூர் வேறொரு சிக்கலை எழுப்புகிறது. அங்கே கிடைத்த நாற்பதுக்கும் மேற்பட்ட பொற்காசுகளில் பெரும்பாலானவை பிற்கால உரோம, பைசாந்தியப் பேரரசர்களின் சொலிடஸ்கள். கான்ஸ்டன்டைன் வகுத்த முறையில் ஏறத்தாழ நாலரை கிராம் எடையுள்ளவை. இக்காலத்தைச் சேர்ந்த தென்னகப் புதையல்களில் அசலோடு உள்ளூர்ப் படிகளும் கலந்து வருகின்றன. படியைச் செதுக்கியவன் இலத்தீன் அறியான். எழுத்துகள் கோடுகளாகவும் வட்டங்களாகவும் சிதைந்திருக்கும்; பேரரசனின் மூக்கும் கண்ணும் இந்நாட்டுச் சிற்பக் கையை வெளிப்படுத்தும். ஆனால் உலோகம் பொன். இதைப் போலி என்பதா? ஏமாற்றுவதற்காகச் செய்யப்பட்டிருந்தால் பொன்னைக் குறைத்திருப்பான். பொன் நிறைவாயிருக்க வடிவம் மட்டும் அயலாக இருக்குமானால், அது அணிகலனாகவோ கொடைப்பொருளாகவோ உள்ளூர் வழக்கில் இடம் பெற்ற ஒரு வடிவம். ‘இக்காசு உண்மையா?’ என்ற ஒற்றைக் கேள்விக்குள் உலோகம் உண்மையா, அச்சிட்ட சாலை உண்மையா, காலம் உண்மையா என்னும் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அக்கி ஆலூர் வகைப் படி முதற் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு இல்லை என்றும், மூன்றாவதற்கு மீண்டும் ஆம் என்றும் விடை தரும். நேற்று வார்த்த நல்ல போலியோ முதற் கேள்வியில் மட்டும் தேறும்.

பெங்களூரு நகரத்துப்பேட்டைக்கோ அவென்யூ சாலைக்கோ ஒரு பழங்காசைக் கொண்டுபோனால் இந்த வேறுபாடு உடனே புலப்படும். அங்குள்ள பொற்கொல்லர் உரைகல்லிலோ ஊடுகதிர்க் கருவியிலோ வைத்து மாற்றைச் சொல்லிவிடுவார். அந்த எண்ணும் வீணன்று. முதல் நூற்றாண்டு உரோமப் பொற்காசு ஏறத்தாழ கலப்பற்ற பொன். கருவி 916 என்று காட்டுமானால், அது இக்காலத்து 22 காரட் நகைப்பொன் என்று ஐயுற இடமுண்டு. ஆயின் தேர்ந்த மோசடிக்காரர் தூய்மையையும் எடையையும் சரியாகவே செய்வர். ஊடுகதிர்க் கருவி மேற்பரப்பை மட்டுமே காணும் என்பது இன்னொரு குறை. காற்றிலும் நீரிலும் நிறுத்து ஒப்படர்த்தி காணும் பழைய முறை காசு முழுவதற்கும் விடை சொல்லும். இவற்றுக்கு அப்பால் கண்ணின் வேலை வருகிறது. வார்ப்பில் செய்த காசின் பரப்பில் நுண்குமிழிகளும் விளிம்பில் பொருத்துக்கோடும் தென்படலாம். ஒரே அச்சில் அடித்த இரு மெய்க்காசுகளில் உருவம் ஒத்திருக்கும். விளிம்பின் வடிவமும் உருவம் நடுவிலிருந்து விலகிய அளவும் ஒத்திரா, ஏனெனில் ஒவ்வொன்றும் தனித்தனியே சுத்தியலால் அடிக்கப்பட்டது. தற்செயலான கீறல்கூட இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்குமானால் இரண்டும் ஒரு காசிலிருந்து எடுத்த வார்ப்புகள் என்பது உறுதி.

விலையின் உலகம் தனி. அமெரிக்கக் காசுகளுக்காக 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த எழுபது புள்ளி அளவுகோல் இன்று சேகரிப்பாளர் சந்தையை ஆளுகிறது. தேய்மானமும் கீறலும் குறையக் குறையப் புள்ளி ஏறும், புள்ளி ஏற விலை ஏறும். அச்சந்தையின் உச்சம் 1933ஆம் ஆண்டின் இருபது டாலர் பொற்காசு. அவ்வாண்டு 4,45,500 காசுகள் அச்சாயின. பொன்னைப் புழக்கத்திலிருந்து விலக்கிய ரூஸ்வெல்ட் அரசு அவற்றை உருக்கிவிட்டது. தனியார் சட்டப்படி வைத்திருக்க இசைவு பெற்ற ஒரே காசு 2021இல் நியூயார்க்கில் ஒரு கோடியே 88 இலட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. அதிலுள்ள பொன் முப்பது கிராம். மீதி விலை முழுவதும் ஒரு சட்ட இசைவுக்கும் மற்றவை உருக்கப்பட்டன என்னும் செய்திக்கும் கொடுக்கப்பட்டது.

இதே அளவுகோலைப் புதுக்கோட்டைக் காசின்மீது வைத்தால் அந்த வெட்டு ஒரு சேதம்; விலையைக் குறைக்கும் வடு. வரலாற்று மாணவருக்கோ வெட்டில்லாத காசைவிட வெட்டுள்ள காசே அதிகம் பேசும். வெட்டில்லாத ஒரு டைபீரியஸ் பொற்காசு லியோனிலோ அலெக்சாந்திரியாவிலோ கிடைத்ததாகவும் இருக்கலாம். வெட்டுள்ளது தென்னிந்தியாவுக்கு வந்து, ஒருவர் கையில் சோதனைக்கோ தண்டனைக்கோ உள்ளாகி, பிறகும் பொன்னாக மதிக்கப்பட்டது என்று சொல்ல வாய்ப்பு மிகுதி. சந்தை குறையென்று எண்ணும் இடத்தில்தான் காசின் இந்திய வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறது. வடுவை நிரப்பி மெருகிட்டு விற்பவர் அவ்வாழ்க்கையைத்தான் அழிக்கிறார்.

சட்டமோ சந்தைக்கும் முந்திய நிலையில் நிற்கிறது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியரிடம் அறிவிக்கச் சொல்கிறது. அரசு அதனை எடுத்துக்கொள்ளும்போது உரியவருக்கு அளிக்க வேண்டியது, புதையலிலுள்ள பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். பண்டைக்காலத்து உளி காசைப் பொன்கட்டியாக்கியதுபோலவே இச்சட்டமும் செய்கிறது. இருபது விழுக்காடு கூட்டித் தருகிறது என்பதே வேறுபாடு. நூறாண்டுப் பழமையுள்ள நாணயங்களைத் தொல்பொருளாகக் கொள்ளும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டு ஏற்றுமதியைத் தடுக்கிறது. ஏர்முனையில் பானை உடைந்த வேளையில் உழவன் முன்னுள்ள கணக்கை அது மாற்றவில்லை. அறிவித்தால் காத்திருப்பும் விசாரணையும். பொற்கொல்லரிடம் போனால் அன்றே பணம்.

அக்கணக்கின் விளைவு பழையது. 1847இல் கேரளத்தின் கண்ணூர் அருகேயுள்ள கோட்டயத்தில் உரோமப் பொற்காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஐந்து கூலியாட்கள் சுமக்கும் அளவு என்றுகூட அக்காலத்தில் பேசப்பட்டது. சில காசுகள் திருவிதாங்கூர் மன்னரிடமும் சேகரிப்பாளரிடமும் சென்று தப்பின. பெரும்பகுதி சந்தையில் கரைந்தது. அப்பொன்னின் தூய்மையை மெச்சி நகைத்தொழிலாளர் விரும்பி வாங்கினர் என்கின்றன அன்றைய குறிப்புகள். அத்தொகுதியில் எத்தனை காசுகள் நீரோவுக்கு முந்தியவை, எத்தனை வெட்டுப்பட்டவை, வெட்டுப்பட்டவை எந்தப் பேரரசனோடு நிற்கின்றன என்ற விகிதம் மட்டும் கிடைத்திருந்தால் புதுக்கோட்டைப் புதிரை மேற்குக் கரையோடு ஒப்பிட்டிருக்கலாம்.

அவ்வொப்பீட்டுக்கு வேண்டிய கருவிகள் இன்று எளியவை. வெட்டின் ஆழம், சாய்வு, உளிமுனையின் அகலம், உளிமுனையிலிருந்த பழுது விட்ட வரி ஆகியவற்றை நுண்ணோக்கியில் அளந்தால், ஒரு புதையலின் காசுகள் ஒரே உளியால் ஓரிடத்தில் வெட்டப்பட்டனவா, பல கைகளில் பல ஊர்களில் வெட்டப்பட்டனவா என்று பிரித்துவிட முடியும். ஒரே உளியென்றால் அதன் பின்னே ஓர் அலுவலகம் இருந்திருக்கும். பல உளிகளென்றால் வணிகரின் வழக்கம். அதற்கு ஒரு புதையலின் காசுகள் அனைத்தும் ஒரே மேசைமீது அடுத்தடுத்துக் கிடக்க வேண்டும். ஏலப் பட்டியலில் தனித்தனி எண்ணோடு, தனித்தனி நெகிழிப் பேழைக்குள், கிடைத்த ஊரின் பெயரின்றி வரும் காசுகளைக் கொண்டு அந்த அளவை எடுக்க இயலாது.